மேற்கோள் கணக்கு எதைச் சொல்கிறது? – வாசகர் கேள்வி பதில்

அவசர சிகிச்சை மருத்துவத்தில் ஆய்வு செய்யும் ஒருவரின் கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் எண்ணிக்கையையும் எவ்வாறு வாசிப்பது என்று கேட்டு, திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இம்முறை பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவசர சிகிச்சை மருத்துவப் பேராசிரியராக இருக்கிறார். அவர் ஊருக்கு வரும்போது பாராட்டு விழா எடுத்து மலர் வெளியிட இருக்கிறோம். அவர் அனுப்பிய குறிப்பில் "142 ஆய்வுக் கட்டுரைகள், 5,300 மேற்கோள்கள், எச் சுட்டெண் 34" என்று இருக்கிறது. மலர்க் குழுவில் யாருக்கும் இதன் பொருள் விளங்கவில்லை. இவை பெரிய எண்களா? மலரில் எப்படி எழுதுவது?
– ஓய்வுபெற்ற அதிபர், உப்புவெளி

பதில்: ஓர் ஆய்வாளர் தமது கட்டுரையின் இறுதியில் தரும் உசாத்துணைப் பட்டியலில், முன்னர் வெளிவந்த இன்னொரு கட்டுரையைச் சேர்த்தால், அந்த முந்திய கட்டுரையின் கணக்கில் ஒரு மேற்கோள் ஏறும். இந்தக் கணக்கை ஒழுங்காகத் தொகுக்கலாம் என்ற யோசனையை 1955இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர்; அவரது நிறுவனம் 1960களில் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வழிவந்ததுதான் இன்றைய 'வெப் ஒஃப் சயன்ஸ்' தரவுத்தளம். ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அதனோடு தொடர்புடைய பிற கட்டுரைகளைத் தேடிப்போவதற்கு உதவியாகவே அது உருவானது. ஆளை எடைபோட அதைப் பயன்படுத்தத் தொடங்கியது பின்னால் நடந்த கதை.

எச் சுட்டெண்ணை 2005இல் முன்மொழிந்தவர் மருத்துவரல்லர். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். கணக்கு எளிது. ஒருவர் 7 கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்றும், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 40, 22, 9, 6, 5, 3, 0 என்று வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்கள் இருக்கின்றன; ஆறாவதற்கு 3தான் இருக்கிறது. ஆகவே அவரது எச் சுட்டெண் 5. முதற் கட்டுரையின் 40 மேற்கோள்கள் நாளை 4,000 ஆனாலும் சுட்டெண் 5ஆகவே நிற்கும். ஒரேயொரு பெருங்கட்டுரையால் மட்டும் பெயர் வாங்கியவரையும், மேற்கோளே கிடைக்காத நூறு கட்டுரைகளை அடுக்கிவைத்திருப்பவரையும் இந்த எண் உயர்த்திவிடாது. அதற்காகத்தான் அது வகுக்கப்பட்டது.

இப்போது உங்கள் பேராசிரியரிடம் வருவோம். அவரது 34 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 34 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. மிகுதி 108 கட்டுரைகளில் எதுவும் 34ஐத் தாண்டவில்லை. பல ஆண்டு உழைப்பில்லாமல் இப்படியொரு எண் வராது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அது "பெரிய" எண்ணா என்று தீர்மானிக்க, அதே துறையில் அதே அளவு காலம் பணியாற்றிய ஒருவரோடு ஒப்பிட வேண்டும். அவசர சிகிச்சை மருத்துவம் இளைய துறை. அமெரிக்காவிலேயே அது தனியான சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979இல்தான். இருதய நோய், புற்றுநோய் போன்ற துறைகளில் ஆய்வாளர்களும் ஆய்விதழ்களும் மிக அதிகம் என்பதால், அங்கே மேற்கோள்களும் தாராளமாகக் குவிகின்றன. இருதய நோய் நிபுணர் ஒருவரின் எண்ணைப் பக்கத்தில் வைத்து இவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. அத்தோடு, எச் சுட்டெண் காலத்தோடு கூடுமே தவிரக் குறைவதில்லை. ஆய்வாளர் ஓய்வுபெற்ற பின்னரும் அது ஏறிக்கொண்டேயிருக்கக்கூடும்.

எந்தத் தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்தார் என்றும் அவரிடம் கேளுங்கள். கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், துறைசார்ந்த பிறர் வாசித்துச் சரிபார்க்கும் நடுவர் மதிப்பீட்டுக்கு இன்னும் போகாத முன்பதிப்புகள் எல்லாவற்றிலுமுள்ள மேற்கோள்களையும் எண்ணிவிடும். ஸ்கோபஸ், வெப் ஒஃப் சயன்ஸ் இரண்டும் தாங்கள் தெரிந்தெடுத்த இதழ்களை முதன்மையாகக் கொண்டு எண்ணுவதால் அவற்றில் தொகை குறைவாகவே வரும். ஒரே மனிதருக்கு ஒரே நாளில் மூன்று வேறு எண்கள் கிடைப்பது வழமை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மலருக்கு எழுதும்போது 142 என்ற எண்ணைவிட, அவற்றுள் எத்தனை கட்டுரைகளில் அவர் பெயர் முதலாவதாகவும் எத்தனையில் கடைசியாகவும் நிற்கிறது என்பதே அதிகம் சொல்லும். மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் முதற்பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருக்கும், கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்திய மூத்தவருக்கும் உரியது. நடுவில் நிற்கும் பெயர்களின் பங்கு ஒரே அளவானதல்ல: நோயாளரைச் சேர்த்துத் தந்தவர் இருப்பார், புள்ளிவிபரம் பார்த்தவர் இருப்பார். பல நாடுகள் சேர்ந்து வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளில் ஐம்பது அறுபது பெயர்கள் வரும். அப்படியொன்று ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றால், அத்தனையும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக ஏறிவிடும். 5,300இல் இத்தகைய ஒரு கட்டுரையின் பங்கு எவ்வளவு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. நல்ல ஆய்வாளர் அதைத் தாமாகவே சொல்லிவிடுவார்.

எண்களை மலரில் ஒரே வரியில், தரவுத்தளத்தின் பெயரோடும் பார்த்த திகதியோடும் போட்டுவிட்டு, மீதிப் பக்கத்தை அவரே தெரிவுசெய்யும் மூன்று கட்டுரைகளுக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை நோயாளர்கள் சேர்க்கப்பட்டார்கள், விடை என்ன, அதனால் வைத்தியசாலையில் எந்த நடைமுறை மாறியது என்பதை நான்கைந்து வசனங்களில் எழுதினால், பாடசாலைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். நம்மூர் மலர்களில் அடைமொழிகளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. "உலகமே வியக்கும்" என்ற தொடரை இந்த ஒருமுறையாவது விட்டுவிடலாம்.

கேள்வி: நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதிய உத்தியோகத்தர். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு என்றால் அது சரியான ஆய்வு என்று எடுத்துக்கொள்ளலாமா? இரவுக் கடமையில் நாங்கள் செய்கிற வேலைக்கும் இந்தக் கணக்குகளுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகி, மூதூர்

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது, சகோதரி. இதற்கு உங்கள் துறையிலேயே பெயர்பெற்ற உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்ட் வைத்தியசாலையின் இமானுவேல் ரிவர்ஸ் குழுவினர், தீவிரக் கிருமித் தொற்றால் குருதியமுக்கம் விழுந்து வருகிற செப்சிஸ் நோயாளர் 263 பேரை வைத்துச் செய்த ஆய்வை 2001இல் வெளியிட்டார்கள். நோயாளர் வந்த முதல் ஆறு மணித்தியாலத்துக்குள், மைய நாளத்தில் குழாய் செலுத்தி, குருதியின் ஒட்சிசன் அளவு முதலியவற்றைப் பார்த்துப் பார்த்துச் சேலைன், மருந்து, தேவைப்பட்டால் இரத்தம் என்று படிப்படியாகக் கொடுப்பது அவர்களது முறை. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 46.5 வீதமானோர் வைத்தியசாலையில் இறந்தார்கள். புதிய முறையில் அது 30.5 வீதமாகக் குறைந்தது. உலகெங்கும் வழிகாட்டிகள் அதை ஏற்றுக்கொண்டன. மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன.

பின்னர் அமெரிக்காவில் ஒன்று, அவுஸ்திரேலியா நியூசிலாந்தை மையமாகக் கொண்டு ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று என்று மூன்று பெரிய ஆய்வுகள் அதே முறையைச் சோதித்து 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மொத்தம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்கள். மூன்றிலும் அந்த முறையால் இறப்பு குறையவில்லை. இங்கேதான் கணக்கின் குறும்பைப் பார்க்க வேண்டும்: இந்த மூன்று கட்டுரைகளும் ரிவர்ஸின் கட்டுரையை மேற்கோள் காட்டின, அவற்றைப் பற்றி எழுதியவர்களும் காட்டினார்கள். ஒரு முடிவு கேள்விக்குள்ளாகும்போதும் அதன் மேற்கோள் எண்ணிக்கை ஏறுகிறது. ஆதரித்துச் சொன்னதா மறுத்துச் சொன்னதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

அதற்காக ரிவர்ஸின் வேலை வீண் என்றும் சொல்ல மாட்டேன். செப்சிஸை நேரத்தோடு இனங்காண வேண்டும், அன்ரிபயோட்டிக்கைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் இடைப்பட்ட ஆண்டுகளில் எல்லா இடத்திலும் வேரூன்றிவிட்டதால், "வழமையான சிகிச்சை"யே முன்னரைவிடச் சிறந்ததாகிவிட்டது என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதற்கு நேரெதிரான திசையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு வருகிறவருக்குக் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என்று கூடியது 15 புள்ளிகளுக்கு மதிப்பிட்டு, நோயாளரின் கட்டில் பதிவேடான பி.எச்.ரி.யில் குறிக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கிளாஸ்கோ அளவுகோலை டீஸ்டேல், ஜெனட் என்ற இருவர் 1974இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். நீங்கள் ஓரிரவில் எத்தனை பேருக்கு அதைப் பயன்படுத்தினாலும் அவர்கள் கணக்கில் ஒரு மேற்கோளும் ஏறாது. கணுக்கால் சுளுக்கோடு வருகிறவரின் கணுவெலும்பைக் குறிப்பிட்ட இடங்களில் அழுத்திப் பார்த்து, நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்த்து, எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்கும் ஒட்டாவா விதிகளும் அப்படித்தான். கனடாவின் இயன் ஸ்டீல் குழுவினர் 1992இல் அவற்றை வெளியிட்டார்கள். நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது கணுக்கால் எக்ஸ்ரே 28 வீதம் குறைந்ததாக 1994இல் அறிவித்தார்கள். இன்று அந்த விதியைப் பயன்படுத்தும் இளம் வைத்தியர்களில் எத்தனை பேர் மூலக் கட்டுரையைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? நடைமுறையில் முற்றாகக் கலந்துவிட்ட ஆய்வுக்கு மேற்கோள் காட்டவேண்டிய தேவையே அற்றுப்போகிறது.

கேள்வி: வயலில் புடையன் கடித்து என் தம்பியை வைத்தியசாலையில் சேர்த்தோம். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடல் நடுங்கி, மூச்சு முட்டி, பயந்துவிட்டோம். ஓர் ஊசி போட்டதும் தெளிந்தான். இதைப் பற்றியெல்லாம் நமது நாட்டில் ஆராய்ச்சி செய்கிறார்களா? செய்தால் வெளிநாட்டார் அதைக் கணக்கில் எடுக்கிறார்களா?
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: செய்கிறார்கள், உலகமும் எடுக்கிறது. இலங்கை ஆய்வாளர்கள் அவசர சிகிச்சைக்குத் தந்த கொடையில் பாம்புக்கடிக்கும் நஞ்சு சிகிச்சைக்கும் முதலிடம் கொடுப்பேன்.

உங்கள் தம்பிக்கு வந்தது விஷமுறிவு மருந்துக்கு உடல் காட்டுகிற எதிர்விளைவு. அதை முன்கூட்டியே தடுக்க முடியுமா என்று இலங்கையில் 1,007 நோயாளரிடம் சோதித்த ஆய்வு 2011இல் 'பிளொஸ் மெடிசின்' இதழில் வெளிவந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னர் சிறிய அளவில் அட்ரினலின் கொடுத்தால், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான எதிர்விளைவுகள் 43 வீதம் குறைந்தன. நீண்ட காலமாக நம்பிக் கொடுத்துவந்த ஹைட்ரோகோர்டிசோனாலும் புரோமெதசினாலும் பயன் தெரியவில்லை. ஹைட்ரோகோர்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் நன்மையும் இல்லாமற் போனது. விஷமுறிவு மருந்து ஏற்றும் எந்த நாட்டு வைத்தியருக்கும் வேண்டிய விடை இது.

இதைவிட அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, களனிப் பல்கலைக்கழகத்தின் அனுராதனி கஸ்தூரிரத்னவும் அவரது குழுவினரும் 2008இல் அதே இதழில் வெளியிட்ட மதிப்பீடு. உலகில் ஆண்டுதோறும் குறைந்தது 421,000 பேருக்குப் பாம்புக்கடியால் விஷம் ஏறுகிறது, குறைந்தது 20,000 பேர் இறக்கிறார்கள் என்று அது கணித்தது; தென்னாசியாவே அதிகம் பாதிக்கப்படும் பகுதிகளில் ஒன்று. 2016இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, நாட்டின் ஒன்பது மாகாணங்களிலும் 165,665 பேரிடம் வீடுவீடாகச் சென்று விசாரித்து, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 400க்கு மேற்பட்ட இறப்புகளும் இலங்கையில் நிகழ்வதாக மதிப்பிட்டது. கிழக்கு மாகாண வயற்காரர்களும் அந்தக் கணக்கெடுப்பில் அடங்குவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்பு விஷத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் சேர்த்தபோது, இத்தகைய எண்கள் கையில் இருந்தமை பெரிதும் உதவியது.

"பயன் இல்லை" என்று சொன்ன ஆய்வும் ஒன்று உண்டு. நஞ்சு உட்கொண்டு வருவோருக்கு மருத்துவக் கரித்தூளைப் பல தடவை கொடுத்தால் உயிர் தப்புவார்களா என்று, மைக்கல் எடில்ஸ்டன் குழுவினர் இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரிடம் பார்த்தார்கள். ஆறு தடவை கொடுத்தவர்களில் 6.3 வீதம், ஒருமுறை கொடுத்தவர்களில் 7.1 வீதம், கொடுக்காதவர்களில் 6.8 வீதம் இறந்தார்கள்; அதாவது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2008இல் 'லான்செட்' வெளியிட்ட இந்த விடை, ஒவ்வொருவருக்கும் வழமையாகக் கரித்தூள் கரைத்துக் குடிக்க வைக்கும் சிரமத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. வெற்றியை அறிவிக்கும் கட்டுரைகளைவிட இப்படிப்பட்டவற்றின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: ஒருவர் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் கணக்குக் கூடுமா?
– உயர்தர மாணவன், சாம்பல்தீவு

பதில்: கூடும், தம்பி. ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் தொடர்பவர் தமது முந்திய கட்டுரையைக் குறிப்பிடாமல் எழுத முடியாது. ஆகவே ஓரளவு இருப்பது இயல்பே. ஸ்கோபஸில் சொந்த மேற்கோள்களை நீக்கிவிட்டு எண்ணிப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீக்கியதும் எண் பாதியாகச் சுருங்கினால் சந்தேகப்படலாம்.

கேள்வி: அரச வைத்தியசாலை ஒன்றில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். அவசர சிகிச்சை மருத்துவத்தில் மேற்படிப்புச் செய்ய விருப்பம். தனித்தனி நோயாளரைப் பற்றி நான் எழுதிய மூன்று நோயாளர் அறிக்கைகள் வெளியாகியுள்ளன. மேற்கோள் எதுவும் இல்லை. "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் கட்டுரையை 5 நாட்களில் வெளியிடுவோம், எமது தாக்கக் காரணி 6" என்று நாள்தோறும் மின்னஞ்சல் வருகிறது. அனுப்பலாமா? என் பெயரை இணையத்தில் தேடினால் என் கட்டுரைகளே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. வேறு யார் யாருடையவையோ வருகின்றன.
– வாசகர், கிண்ணியா

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் இன்னும் பேராசிரியர் ஆகவில்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. கட்டுரையை மட்டும் கவனமாக வாசிக்கவா போகிறார்கள்? இரண்டு நடுவர்கள் வாசித்து, கேள்வி எழுப்பி, நீங்கள் திருத்தி, மீண்டும் அவர்கள் பார்ப்பதற்கு ஐந்து நாட்கள் ஒருபோதும் போதாது. பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் இவை. அவற்றில் ஒருமுறை வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறுவதும், வேறு நல்ல இதழுக்கு அனுப்புவதும் அநேகமாக நடவாத காரியம்.

தாக்கக் காரணி என்பது ஓர் ஆய்விதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்ற கணக்கு. கிளாரிவேற் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் இருப்பதே உண்மையானது. இத்தகைய மின்னஞ்சல்களில் வருகிற எண் எங்கிருந்தும் வந்திருக்கலாம். உண்மையான எண்ணாக இருந்தாலும் அது இதழுக்குரியதே தவிர உங்கள் கட்டுரைக்குரியதல்ல: ஒரு சில கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக்கொண்டு போக, பெரும்பாலானவை சராசரிக்குக் கீழேயே நிற்கும். இதழின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்று 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் உருவாக்கிய பிரகடனத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒப்பமிட்டுள்ளன. ஆனாலும் பதவி உயர்வுக் குழுக்களில் அந்தப் பழக்கம் இலேசில் விடுவதாயில்லை.

இலங்கை மருத்துவச் சங்கத்தின் 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' 1887இல் தொடங்கியது. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் தேடினால் கிடைக்கும். உங்களுடைய அடுத்த கட்டுரைக்கு அதையோ, அவசர சிகிச்சைக்கென்றே நடக்கும் நல்ல இதழ் ஒன்றையோ பாருங்கள். நோயாளர் அறிக்கைகளுக்குப் பொதுவாகவே மேற்கோள் அரிது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் நான்காவது அறிக்கை எழுதுவதற்குப் பதிலாக, 2016இல் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸில் உங்கள் பிரிவுக்கு வருவோர் யார், எந்நேரத்தில் வருகிறார்கள், மார்புவலி தொடங்கி எவ்வளவு நேரத்தில் ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது என்பதை ஆறு மாதம் ஒழுங்காகப் பதிவுசெய்தால், உங்கள் மாவட்டத்துக்கே பயன்படும் ஆய்வொன்று கையில் இருக்கும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு சேர்க்கத் தொடங்குவதற்கு முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். முடிந்த பின்னர் கேட்டால் நல்ல இதழ் எதுவும் ஏற்காது.

பெயர்ச் சிக்கல் நம்மவர் எல்லோருக்கும் பொது. தமிழர்கள் தகப்பன் பெயரை முன்னால் வைத்துத் தம் பெயரைப் பின்னால் எழுத, தரவுத்தளம் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அடுத்த கட்டுரையில் அவரே முன்னெழுத்தோடு வேறு விதமாக எழுதினால், ஒருவரே இரண்டு ஆய்வாளராகிவிடுவார். முகம்மது என்று தொடங்கும் பெயர்களை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுவதோடு, அதே பெயருடையோர் உலகெங்கும் ஏராளம் என்பதால், உங்கள் கட்டுரைகள் பிறர் கணக்கிலும் பிறருடையவை உங்கள் கணக்கிலும் போய்ச் சேரும். 2012இலிருந்து நடைமுறையிலுள்ள ஓர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகவே ஏற்பட்டது. பதிவு இலவசம், சில நிமிட வேலை. உங்கள் பெயரின் ஒரே எழுத்துக்கூட்டலை இன்றே தீர்மானித்து, அதே வடிவத்தில் அந்த எண்ணையும் பெற்று, ஏற்கெனவே வெளியான மூன்று அறிக்கைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். கூகுள் ஸ்கொலரில் உங்கள் பெயரிலான பக்கத்தைத் திறந்து, உங்களுடையவை அல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, தானாகச் சேர்க்கும் வசதியையும் நிறுத்தி வையுங்கள்.